சட்டமும் சத்தியமும்

கேள்வி என்னுடையதல்ல. எங்க அக்காவுடையது.

எங்கள் பக்கத்து டவுனில் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். போதைப்பொருள் சட்டத்தில் நம் தெருப் பையன்கள் கொத்துக் கொத்தாக உள்ளே போவதைப் பற்றிய கூட்டம். கஞ்சா வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லக்கூடாது, தெருவுக்குத் தெரு சாராயம் விற்கிற அரசாங்கத்துக்கு அதைச் சொல்கிற யோக்கியதை கிடையாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். நானும் ஆதரித்துப் பேசினேன். கை தட்டினார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து எங்க அக்கா எழுந்தாள். நகராட்சியில் குப்பை வண்டி தள்ளுகிறவள். வேலை முடிந்து அதே பச்சைக் கோட்டோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, நீ பேசறதெல்லாம் சரிதான். சாராயம் ரொம்பக் கெட்டது, கஞ்சா அவ்ளோ கெட்டது இல்லேன்றே. நம்ம நைனாவைக் குடி கொன்னுச்சு. எம் புள்ளைய கஞ்சா கேசு கொண்டுபோச்சு. தெருமொனைல இப்ப ஒரு கடை இருக்குது. இருக்கிற கடைய மூடச் சொல்றியா, இன்னொரு கடை தொறக்கச் சொல்றியா? எதுன்னு சொல்லிட்டுக் கை தட்டச் சொல்லு."

யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான். மேடையில் கேட்கிற கேள்விக்கு நம்மிடம் பதில் தயாராக இருக்கிறது. பச்சைக் கோட்டு போட்டவள் கேட்டால் இருப்பதில்லை. அந்தக் கேள்வியோடு சில மாதமாக மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

*

எங்க நைனாவும் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளிதான். சாக்கடை அடைப்பு, மலக்குழி, செத்த நாய் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பும்போது அவர் குடித்து நான் பார்த்ததில்லை. குழிக்குப் பக்கத்தில் போனபிறகுதான். மேஸ்திரியே காசு கொடுத்து வாங்கிவரச் சொல்வான். ஒரு குவார்ட்டர், ஒரு ஊறுகாய்ப் பாக்கெட். "மூக்கு செத்தாத்தாண்டா உள்ள எறங்க முடியும்" என்பார் நைனா. ஏறி வந்த பிறகு இன்னொன்று. அது அந்த நாத்தத்தோடு பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு. பத்து வருசத்தில் வேலைக்காகக் குடித்தது போய், குடிக்காக வேலைக்குப் போனார். அம்மாவை அடித்தார். அக்காவின் படிப்பு எட்டாவதோடு நின்றது. 2009ல் வயிறு தண்ணிகோத்து வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்தவாந்தி எடுத்துச் செத்தார். அப்போது அவருக்கு 51 வயசு.

ஆஸ்பத்திரிச் சீட்டில் குடியினால் கல்லீரல் சுருங்கியதாக எழுதியிருந்தது. அவரைக் குழிக்குள் இறக்கியவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. "சேரின்னாலே குடிதான்" என்று பேசுகிற பொதுப்புத்தி ஒன்று இருக்கிறது. ஊர்த்தெருவில் குடித்தால் விருந்து, சேரியில் குடித்தால் சாதிக்குணம். அந்த அவதூறுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அவதூறுக்குப் பயந்து வீட்டுக்குள் விழுந்த பிணத்தை மறைக்கவும் முடியாது. இரண்டையும் சேர்த்துப் பேசுவதுதான் நமக்குள்ள சிரமம்.

*

முதலில் உடம்பைப் பற்றிப் பேசிவிடலாம். இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் பொய் புழங்குகிறது.

சாராயமானாலும் பிராந்தியானாலும் பீரானாலும் உள்ளே இருப்பது எத்தனால். உடம்புக்குள் அது அசிட்டால்டிஹைடாக மாறி உயிரணுக்களின் டி.என்.ஏ.வைக் கெடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே மதுவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பட்டியல் போகிறது. 2019ல் உலகம் முழுக்க மதுவால் செத்தவர்கள் 26 லட்சம் பேர் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று மத்தியதர வர்க்கம் சொல்லிக்கொண்டிருந்த சமாதானமும் போய்விட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் சொல்லிவிட்டார்கள். இன்னொன்றும் நம் தெருக்களில் தெரிந்திருக்க வேண்டும்: வருசக்கணக்காகத் தினம் குடித்தவர் ஒரேநாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் கண்டு உயிரே போகலாம். வைராக்கியம் மட்டும் போதாது, வைத்தியமும் வேண்டும்.

கஞ்சா அப்படியல்ல. அளவு மீறியதால் மட்டும் செத்தார்கள் என்பது அநேகமாக இல்லை. 2010ல் இங்கிலாந்தின் டேவிட் நட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 20 போதைப்பொருள்களை எடுத்து, பயன்படுத்துகிறவருக்கும் மற்றவருக்கும் வரும் கேட்டைச் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டு 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். மதுவுக்கு 72, கஞ்சாவுக்கு 20. இதே மாதிரிப் பேசியதற்காக அதற்கு முந்தின வருசம் நட்டை பிரிட்டிஷ் அரசு தன் ஆலோசனைக் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கியிருந்தது.

ஆனால் "மூலிகைதானே" என்கிற பேச்சும் பொய். வளர்கிற வயதில் கஞ்சா பிடிக்கிற பையனுக்கும், குடும்பத்தில் மனநோய் இருக்கிறவர்களுக்கும் அது மனச்சிதைவின் கதவைத் திறந்துவிடலாம். கஞ்சாவுக்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பு இருப்பதற்குக் கணிசமான சான்று உண்டு என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கை சொல்கிறது. பழகுகிறவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் விடமுடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். கஞ்சாவின் கேடு சிறியது என்று சொல்லலாம், கேடே இல்லை என்று சொல்லக்கூடாது. எங்க அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

*

அப்படியானால் பெரிய கேட்டை விற்று, சிறிய கேட்டுக்கு விலங்கு மாட்டுவது ஏன்?

வெள்ளைக்காரன் 1893-94ல் இந்தியக் கஞ்சா கமிஷன் என்று ஒன்றை நியமித்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவாகப் பயன்படுத்துவதால் பெரிய தீங்கில்லை, முழுத்தடை தேவையில்லை என்று அது முடிவு சொன்னது. அவனுக்கு வரி வேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். பிறகு 1961ல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக 1985 நவம்பரில் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டம் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் கஞ்சா என்றால் என்ன என்பதைப் படித்துப் பாருங்கள். செடியின் பூவும் காயும் உள்ள நுனி கஞ்சா. நுனி சேராமல் இலையும் விதையும் தனியாக இருந்தால் கஞ்சா இல்லை. ஏன் இந்த நுணுக்கம்? இலையை அரைத்தால் பாங்கு. ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் வடநாட்டில் குடிக்கிற பாங்கு. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் வாங்கிய பாங்குக் கடைகளே நடக்கின்றன. கும்பமேளாவில் சாமியார்கள் கூட்டமாக உட்கார்ந்து சிலும்பி இழுப்பதைப் பத்திரிகைகள் வண்ணப்படமாகப் போடுகின்றன. அங்கே பக்தி. நம் காலனிச் சுவரோரம் நின்றால் சமூகவிரோதம். சட்டம் செடியைப் பார்ப்பது கொஞ்சம், அதைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பது அதிகம்.

என் அக்கா மகனுக்கு 22 வயசு. தண்ணி கேன் போடுகிற வேலை. "ரெண்டு பொட்டலந்தான் மாமா, சத்தியமா" என்று அழுதான். முதல் தகவல் அறிக்கையில் ஒரு கிலோ இருநூறு கிராம் என்று இருந்தது. ஏன் ஒரு கிலோவுக்கு மேல்? சட்டத்தில் ஒரு கிலோ வரைக்கும் சிறிய அளவு. அதிகபட்சம் ஒரு வருசம் சிறை. ஒரு கிலோவைத் தாண்டினால் பத்து வருசம் வரைக்கும் போகலாம். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் ஜாமீன் என்கிற சொல்லே கிட்டத்தட்ட இல்லை. வைத்திருந்தான் என்று காட்டிவிட்டால் போதும், தெரியாது என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். தராசு யார் கையில் இருந்ததோ அவர்தான் தீர்ப்பையும் எழுதினார் என்றே எனக்குப் படுகிறது.

94 நாள் உள்ளே இருந்தான். அக்காவின் கம்மலும் மூக்குத்தியும் வக்கீல் செலவுக்குப் போயின. வேலை போனது. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பாகாத விசாரணைக் கைதிகள். ஐந்தில் ஒருவர் நம்மவர். அவனும் அந்தக் கணக்கில் ஒரு எண்.

வெளியே வந்தவன் இப்போது கஞ்சா தொடுவதில்லை. அரசாங்கக் கடைக்குப் போகிறான். அதற்குக் கேசு கிடையாது.

*

கறுப்பின மக்களின் அனுபவம் இங்கே நமக்குப் பாடம். அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் கஞ்சா புகைப்பது ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான். ஆனால் அதற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு மூன்றரை மடங்குக்கும் மேல் என்று அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2013லும் 2020லும் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. 2012ல் கொலராடோ, வாஷிங்டன் மாநில மக்கள் வாக்களித்துக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். பின்னால் பல மாநிலங்கள். 2018 அக்டோபரில் கனடா முழுவதும்.

கைதுகள் குறைந்தன, நல்லது. ஆனால் கடை திறந்தது யார்? முதலீடு வைத்திருந்தவர்கள். எந்தச் செடிக்காகக் கறுப்பு இளைஞன் ஜெயிலுக்குப் போனானோ, அதே செடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வெள்ளை முதலாளி விற்றான். பழைய தண்டனை இருந்ததால் கறுப்பருக்கு உரிமம் கிடைப்பதே பல இடங்களில் கஷ்டமானது. இதைப் பார்த்துத்தான் நியூயார்க் மாநிலம் 2021ல் சட்டம் செய்தபோது வரிப்பணத்தில் 40 சதவீதம் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குப் போக வேண்டும், உரிமங்களில் பாதி பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரவேண்டும் என்று எழுதியது. எழுதியது எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனாலும் பழிக்கு ஈடு கேட்கலாம் என்பதை அந்த மக்கள் போராடி எழுத வைத்தார்கள்.

நம்மூரில் 'சட்டபூர்வம்' என்றால் என்ன என்று தெரிய அமெரிக்கா போக வேண்டாம். டாஸ்மாக்தான் அது. 1983ல் மொத்த வியாபாரத்துக்கு ஆரம்பித்த கம்பெனி, 2003ல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. 2023-24ல் அதன் மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கும் மேல். ஒருத்தன் குடியை விட்டால் அரசுக்கு நட்டம் என்கிற நிலையில் உள்ள அரசு, குடியை விடச் சொல்லி எழுதுகிற வாசகத்துக்கு என்ன மரியாதை? அக்கா பயந்தது இந்தக் கடையைப் பார்த்துத்தான்.

*

"அப்ப எல்லாத்தையும் மூடு" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்த பெண்கள்தான் 1990களின் தொடக்கத்தில் சாராயக் கடையை மூட வைத்தார்கள். தலித் பெண்கள் அதில் முன்னால் நின்றார்கள். 1993ல் சாராயம் தடையானது. 1995ல் முழு மதுவிலக்கு வந்தது. 1997ல் அரசு அதைத் தளர்த்திவிட்டது. பெண்கள் மூடினார்கள், கஜானா திறந்தது.

பீகாரில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. உள்ளே போனவர்கள் யார்? லட்சக்கணக்கில் ஏழைகள். 2022ல் முதல் தடவை பிடிபடுகிறவர் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அதே 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயம் குடித்துப் பல பத்துப் பேர் செத்தபோது, குடிக்கிறவன் சாகத்தான் செய்வான் என்று முதலமைச்சரே பேசினார்.

தடை இல்லாத நம் மாநிலத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். கூலி வேலை செய்கிறவர்கள், பெரும்பாலும் நம் மக்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத்தான் முதலில் தாக்கும். பார்வை மங்குகிறது என்று சொன்னவுடன் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் மருந்து உண்டு. கடைச் சரக்குக்குக் காசு இல்லாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான். மூடினாலும் நாம்தான் சாகிறோம், திறந்தாலும் நாம்தான்.

*

அம்பேத்கரிடம் போனால் முதலில் குழப்பமாக இருக்கும். 1951ல் ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தது. அரசின் வருமானம் போகிறது, கள்ளச்சாராயம் வீட்டுக்கு வீடு பரவுகிறது என்பது வாதம். ஐந்தே வருசம் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது அவர் எடுக்க வைத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, மதுவும் போதையும் தொடமாட்டேன் என்பது. அயோத்திதாசர் எடுத்துச்சொன்ன பஞ்சசீலத்திலும் ஐந்தாவது அதுதான்.

இது முரண்பாடா? நான் அப்படி நினைக்கவில்லை. சட்டம் வேறு, சத்தியம் வேறு. சட்டம் போலீஸ்காரன் லத்தியில் வருகிறது. நம் தெருவுக்கு மட்டும் சீக்கிரம் வருகிறது. சத்தியம் நான் என் வாயால், என் மக்கள் முன்னால், என் மரியாதைக்காக எடுத்துக்கொள்வது. குடிக்காதே என்று அடிக்கிற அரசை எதிர்த்துக்கொண்டே, குடிக்கமாட்டேன் என்று ஒரு சமூகம் முடிவெடுக்கலாம்.

இதற்குத் தாராளவாதிகள் வேறொரு பதில் வைத்திருக்கிறார்கள்: அவனவன் உடம்பு, அவனவன் இஷ்டம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ல் சுதந்திரம் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் வாதிட்டார். மதுவிலக்கையும் எதிர்த்தார். ஆனால் அதே நூலில், 'பின்தங்கிய' சமூகங்களுக்கு இது பொருந்தாது என்றும் எழுதினார். முப்பத்தைந்து வருசம் கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர் அவர். நம்மை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அந்தச் சுதந்திரம் பேசப்பட்டது. இருந்தாலும் அந்த நூலில் நமக்குப் பயன்படும் ஒரு விஷயம் உண்டு: ஒருவன் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்வது சுதந்திரத்தில் சேராது என்கிறார். சரி, மூக்கைச் சாகடித்துக்கொண்டு மலக்குழியில் இறங்கிய என் நைனா 'இஷ்டப்பட்டு' குடித்தாரா? குழிக்குப் பக்கத்தில் நின்று குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தவனுக்கு அதில் பங்கு இல்லையா?

ஆகவே வெறும் சத்தியமும் போதாது. அம்பேத்கர் 1956ல் திடீரென்று உறுதிமொழி கேட்கவில்லை. 1927லேயே மகாட்டில், செத்த மாட்டுக் கறியை விடுங்கள், இழிதொழிலை விடுங்கள் என்று ஆரம்பித்தவர். தொழிலை உதறிய கைதான் சத்தியத்துக்கு நீளும். 2013ல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்த பிறகும் குழிக்குள் ஆள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அவனைப் பார்த்து "குடிக்காதே" என்று சொல்ல யாருக்கும் வாய் கிடையாது.

*

இப்போது அக்காவுக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

குற்றம் இல்லை என்று சொல்வது ஒன்று. கடை திறப்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் எங்கள் தீர்மானத்தின் தவறு. போர்ச்சுகல் 2001ல் இதைப் பிரித்துக் காட்டியது. சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவனை அங்கே சிறைக்கு அனுப்புவதில்லை. ஒரு குழுவின் முன்னால் உட்காரவைத்துப் பேசுகிறார்கள், தேவையானால் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். விற்பது இன்னும் குற்றம்தான். அரசாங்கமும் விற்பதில்லை.

ஆகவே என் பதில் இது. பொட்டலம் வைத்திருந்த பையனைச் சிறைக்கு அனுப்பாதே. ஏற்கெனவே அனுப்பியதற்கு ஈடு கொடு. கஞ்சாவுக்கு இன்னொரு டாஸ்மாக் வேண்டாம், கம்பெனிக்காரனும் வேண்டாம். இருக்கிற கடையை எங்கள் தெருவிலிருந்து எடு; கிராம சபையில் பெண்கள் வேண்டாம் என்றால் அன்றே எடு. குடியை விட நினைப்பவனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் படுக்கையும் மருந்தும் கொடு. இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்தது என்று 2019ல் எய்ம்ஸ் நடத்திய ஆய்வு சொன்னது. மீதி 37 பேரும் எங்க நைனா மாதிரிதான். குழிக்குள் ஆளை இறக்குவதை நிறுத்து. இவை சட்டத்திடம் கேட்பவை. சத்தியத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதை எங்களுக்குள், எங்கள் வாயால் பேசிக்கொள்வோம்.

போன வாரம் இதையெல்லாம் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தாள். முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எழுதியிருக்கிறது நல்லாத்தான் இருக்குது. உன் மருமவன் ராத்திரி ஒம்போது மணிக்கு எந்தக் கடைல நிக்கறான்னு உனக்குத் தெரியும். போய் அவங்கிட்ட படிச்சுக் காட்டு."

போனேன். பார் பெஞ்சில் உட்கார்ந்து பாதி படித்தேன். குடித்துக்கொண்டேதான் கேட்டான். "நாளைக்கு மிச்சத்தப் படி மாமா" என்றான். அடுத்த வாய்தா 14ஆம் தேதி. அதற்குள் மிச்சத்தைப் படித்துவிட வேண்டும்.